ஸ்ட்ரக்டுக்குள் ஒளிந்திருக்கும் வெற்று பைட்டுகள்

மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மையை அளக்க ஒரு சிறு கருவி செய்து பார்க்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இது உதவும். சென்சார் எழுதும் ஒரு பதிவு 6 பைட் என்று வையுங்கள்: அடையாள எண் 1, அளவு 4, சரிபார்ப்பு 1. அதை சி மொழியில் கேர் (1 பைட்), இன்ட் (4 பைட் முழு எண்), கேர் என்று ஸ்ட்ரக்டாக, அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரே தொகுப்பாக எழுதி, கோப்பிலிருந்து பைட்டுகளை எடுக்கும் எஃப்ரீட் மூலம் நேரே அதற்குள் வாசித்தால் அடையாள எண் சரியாக வரும். அளவும் சரிபார்ப்பும் கன்னாபின்னாவென்று இருக்கும். ஒன்றுவிட்டொரு பதிவும் காணாமல் போகும்.

சென்சாரைக் கழற்ற வேண்டாம். முதலில் சைஸ்ஆஃப் போட்டு அந்த ஸ்ட்ரக்ட் எத்தனை பைட் என்று பாருங்கள். வழக்கமான கணினியில் 6 அல்ல, 12 வரும். இன்ட் 4ஆல் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்பதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதற்கு முன்னால் 3 பைட்டையும் ஸ்ட்ரக்டின் கடைசியில் 3 பைட்டையும் வெறுமையாக விடுகிறது. ஆஃப்செட்ஆஃப் போட்டால் ஒவ்வொரு உறுப்பும் தொடங்கும் இடம் 0, 4, 8 என்று தெரியும்.

இன்டை முதலில் வைத்தால் 8 ஆகக் குறையும். நினைவகம் மிச்சம், ஆனால் கோப்பு வாசிப்புக்கு அது தீர்வல்ல. வெற்று பைட் விடாதே என்று கம்பைலரிடம் சொல்லும் பேக்ட் போடலாம்தான், எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அப்போது இன்ட் 4ஆல் வகுபடாத முகவரியில் உட்கார்ந்துவிடும். அந்த இன்டின் முகவரியை ஒரு பாயிண்டரில் (முகவரியை வைக்கும் மாறி) எடுத்து, சிறு கருவிகளில் வரும் கோர்டெக்ஸ் எம்0 சிப்பில் வாசித்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். அதே நிரல் மடிக்கணினியில் ஒன்றும் நடக்காதது போல ஓடும்! 6 பைட்டையும் கேர் அணியில் வாங்கி, நடுவில் உள்ள 4 பைட்டை, பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பியால் இன்டுக்குள் எடுப்பதே மேல்.

அப்புறம், இரண்டு ஸ்ட்ரக்டுகளை, பைட் பைட்டாகப் பார்க்கும் மெம்கம்ப் வைத்து ஒப்பிடாதீர்கள். வெற்று பைட்டுகளில் கிடக்கும் குப்பையும் கணக்கில் சேரும்.