தஞ்சாவூர், மதுரை, மூன்று நாள்: விடியலில் பஸ் ஏறாதீர்கள்

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள், காலை 6 மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் பையோடு இரண்டு பையன்கள் வந்து, "அண்ணே, மதுரை பஸ் எங்க நிக்கும்?" என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தார்களாம். பெரிய கோயிலை விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்தாயிற்றாம். "இப்பவே கிளம்பினா மதுரைக்கு ஒரு நாள் முழுசா கிடைக்கும்ல?" என்று ஒருவன் கேட்டான். கையை மட்டும் காட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அவர்கள் பஸ்ஸை விட்டிருப்பார்கள். அவன் சொன்னதை அதே நிலையத்தில், அதே நேரத்தில் ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

தொடர் விடுமுறைக்கு அறையை முன்பே பிடித்து வையுங்கள், திரும்பி வர டிக்கெட் எடுத்து வையுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள் என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காலையில் ஊர் மாறுவது

முதல் தடவை நண்பனோடு போனபோது, "மத்தியானம் கிளம்பலாமேடா, காலையில கோயிலை நிதானமா பாக்கலாம்" என்று அவன் முந்தின இரவே சொன்னான். நான்தான் பெரிய அனுபவசாலி போல மறுத்தேன். ஆறு மணி பஸ். புதுக்கோட்டை, திருப்பத்தூர், மேலூர் என்று நின்று நின்று போய், மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பத்தரை. அங்கிருந்து டவுன் பஸ், அறை, குளியல், ஆளுக்கு நாலு இட்லி. மீனாட்சி அம்மன் கோயில் வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. செருப்பு வைக்க ஒரு வரிசை, செல்போன் கொடுக்க ஒரு வரிசை. 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது. இரண்டாவது வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருக்கும்போதே நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. இனி நாலு மணிக்குத்தான்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். கால் மணி நேர நடையில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636இல் கட்டியது, மத்தியானமும் திறந்திருக்கும். கோபத்தில் அறைக்குத் திரும்பிப் படுத்தோம். எழுந்தபோது ஐந்து. அந்த நேரத்து வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று அம்மனைப் பார்த்துவிட்டு ஆயிரங்கால் மண்டபத்துக்கு ஓடினால், பூட்டு.

மதுரையில் போனது பாதிதான். மீதி தஞ்சாவூரில் போனது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது என்று வரிசையாகப் போகும். கோயிலுக்கு வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது ஆடல் மகளிருக்கு, ஒதுக்கிய வீடுகளின் கணக்கு வடக்குச் சுற்று மதிலின் வெளிப்புறத்தில் இருக்கிறது. கோயில் கிழக்குப் பார்த்தது. பொங்கல் சமயத்தில் ஏழு, எட்டு மணி வெயில் தென்பக்கச் சுவரில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும். முந்தின நாள் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் க, ம, ன என்று தனித்தனியாக எழுத்து எழும்பி வரும். விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் நின்றவனுக்கு இது கிடைக்காது. எனக்குக் கிடைக்க இன்னொரு பயணம் வேண்டியிருந்தது. நண்பன் அதற்கு வரவில்லை.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு ஊரிலும் பன்னிரண்டரை வாக்கில் சன்னதி நடை சாத்தி, நாலு மணி வாக்கில் திறப்பார்கள். நடுவில் பஸ் பயணமும் ஏறக்குறைய நாலு மணி நேரம். கோயில் தூங்கும்போது நீங்கள் பஸ்ஸில் தூங்குங்கள். காலை முழுக்கப் பெரிய கோயில், பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்குப் பஸ். மதுரையில் இறங்கி முகம் கழுவும்போது நடை திறந்திருக்கும். பயணம் இல்லாத நாட்களின் மத்தியானத்துக்குத் தஞ்சாவூரில் அரண்மனைக் கலைக்கூடத்துச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. மதுரையில் மகாலும் காந்தி அருங்காட்சியகமும் இருக்கின்றன.

மூன்று சோழர் கோயிலையும் முடித்துவிடும் ஆசை

தஞ்சாவூர் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2004இல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் சேர்ந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஆட்களுக்குக் கை அரிக்கும். கங்கைகொண்ட சோழபுரம் போய்வர மட்டும் 140 கிலோமீட்டர். மதுரையும் வேண்டுமென்றால் அதை விடுங்கள். ஆசை அடங்காவிட்டால் தாராசுரம் மட்டும், அதுவும் ஒரு சாயங்காலம். அங்கே தூண்களில் உள்ளங்கை அகலச் சிற்பங்களைக் குனிந்து பார்க்கவே இரண்டு மணி நேரம் போய்விடும்.

பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்று நம்புவது

விழும்.

ஒட்டிக்கொண்டே திரிவது

ஒருவனுக்குக் கல்வெட்டு, இன்னொருவனுக்குப் போட்டோ. ஒரு மணி நேரம் பிரிந்து போய் நந்தி மண்டபத்தில் சந்தியுங்கள். (அந்த நந்தி சோழர் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. சீக்கிரம் வந்து காத்திருப்பவருக்கு அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்.)

இரண்டாவது ஜிகர்தண்டா

வேண்டாம். ராத்திரி பஸ் இருக்கிறது.

எந்த வாசல் என்று பார்க்காமல் உள்ளே போவது

மதுரையில் நாலு பக்கமும் ராஜகோபுரம், புதிதாக வருபவர் கண்ணுக்கு நாலும் ஒன்றுதான். செருப்பும் செல்போனும் கொடுத்த வாசலில்தான் கிடைக்கும். அந்த முதல் பயணத்தில் மறுநாள் காலை மறுபடி போனபோது தெற்கு வாசலில் கொடுத்துவிட்டு வடக்கு வாசலில் வெளியே வந்தோம். நடை சாத்திவிட்டார்கள், உள்ளே திரும்ப முடியாது. சித்திரை வீதிக் கல்தளத்தில், பன்னிரண்டரை மணி வெயிலில், வெறுங்காலோடு கோயிலைப் பாதி சுற்றினோம். சுவரோரம் ஒரு சாண் நிழல் இருந்தது. நண்பன் அதில் நடந்தான். எனக்கு இடம் விடவில்லை.