பல்வலி தானாக நின்றுவிட்டதா? அப்போதுதான் கவனம் வேண்டும்

மூன்று நாள் தூங்கவிடாமல் குத்திய மேல் கடைவாய்ப்பல் நான்காம் நாள் காலையில் சட்டென்று அடங்கிவிட்டது. சூடாகக் குடித்தாலும் கூசவில்லை. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்து, பல் மருத்துவரைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு நாள் விழித்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கிடந்தது. வாயில் வரும் தொற்றுகளில் நாம் செய்யும் தவறுகளைச் சொல்லச் சொன்னால், நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

சொத்தை ஆழமாகப் போனால், பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மெல்லிய சதையைக் கிருமிகள் எட்டிவிடுகின்றன. அந்தச் சதை வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான பல், இடம் கிடையாது. உயிர் போகிற வலி அந்த அழுத்தத்தால் வருவது. சில நாளில் உள்ளே நரம்பு செத்துவிடுகிறது, வலியும் நின்றுவிடுகிறது. ஆனால் கிருமிகள் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும். சிலருக்கு ஈறில் கடுகளவு பரு ஒன்று தோன்றும். விரல் வைத்து அழுத்தினால் நாற்றத்தோடு ஏதோ கசியும், இரண்டு நாளில் வற்றும், மறுபடி வரும். சீழ் வெளியேற வழி கண்டுபிடித்த இடம் அது. அதை ஊசியால் குத்தி உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மூலம் அப்படியே இருக்க, புதுக் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து, ஆன்டிபயாட்டிக். வீக்கம் வந்தவுடன் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தேடி விழுங்குகிறோம். இரண்டு நாளில் வீக்கம் வடிகிறது, விட்டுவிடுகிறோம். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. அதனால் பல்லைச் சுற்றியுள்ள வீக்கம் குறையுமே தவிர, உள்ளே இருக்கும் கிருமிக் கூடு கலையாது. சீழை வடிக்க வேண்டும், அப்புறம் ரூட் கேனால் (பல்லுக்குள் கெட்டுப்போன சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) செய்ய வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தருவார். அப்போதும் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைக்கும் பழக்கமும் ஆபத்தானது. அது அமிலம், ஈறை வெள்ளையாகப் பொசுக்கிவிடும். கிராம்பு எண்ணெயையும் நேரடியாக ஊற்றினால் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பதில் தப்பில்லை, இதமாக இருக்கும். ஆனால் அதையே வைத்தியமாக நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே அழுக்குப் படிந்திருப்பதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது; மென்மையான பிரஷ்ஷால் அங்கேயே பொறுமையாகத் துலக்குங்கள். அந்த அழுக்கு கெட்டியாகிக் காறையாகிவிட்டால், பல் மருத்துவர் ஸ்கேலிங் செய்து, அதாவது கருவியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் வேண்டாம். பல்லை ஆட வைப்பது, காறைக்கு அடியில் ஈறும் எலும்பும் கரைந்துபோவதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

வாயில் வரும் எல்லாத் தொற்றும் பாக்டீரியாவால் வருவதில்லை. துடைத்தால் உரிந்துவந்து அடியில் சிவப்பாகத் தெரியும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அது இன்னும் கூடலாம். இந்தப் பூஞ்சை வராமல் இருக்க, ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் செட் போடுபவர்கள் இரவில் கழற்றிவைக்க வேண்டும். உதட்டோரத்தில் கொத்தாக வரும் நீர்க் கொப்புளங்கள் வைரஸால் வருபவை. கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். பிறந்த சில வாரக் குழந்தைக்கு அந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குழந்தையின் பால் பல்லில் சீழ் பிடித்தால், எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விடாதீர்கள். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கலாம்.

விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இறங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, குரல் மாறுவது, மூச்சு விடச் சிரமப்படுவது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் தொடங்கிய சீழ் நாக்கின் அடியில் பரவினால் மூச்சுக்குழலையே அடைத்துவிடும், அதுவும் சில மணி நேரத்தில். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் மருத்துவமனை எப்போது திறக்கும் என்று பார்க்காமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.