வீட்டிலிருந்தே பொருள் வாங்குகிறீர்களா? ஆர்டர் போடுவதற்கு முன்பிருந்து புகார் கொடுப்பது வரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு சேலை வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் கிழிசல். மறுநாள் அதே கடை வாசலில் போய் நின்று கேட்கலாம். போனில் வாங்கினால் அந்தக் கடை எந்த ஊரில் இருக்கிறது என்றே பல நேரம் தெரியாது. அதனால் விற்பவர் யார் என்ற விவரமும், நடந்ததற்கு ஆதாரமும் நம் கையில் இருக்க வேண்டும். இவை இருந்தால் சட்டம் நமக்கு நன்றாகவே உதவும். புதிதாக ஆன்லைனில் வாங்குபவர்களும், வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களும் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: விற்பவர் யார்?

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கும் நிறுவனம் தன் பதிவுப் பெயர், முகவரி, கஸ்டமர் கேர் எண், குறைதீர்ப்பு அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தைக் கடைசிவரை இறக்கிப் பாருங்கள். வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

ஜி.எஸ்.டி. எண் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. அந்த 15 இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. 'புதுச்சேரி காந்தி வீதியில் எங்கள் கடை' என்று போட்டுவிட்டு எண் 07 என்று தொடங்கினால், அந்தப் பதிவு டெல்லியைச் சேர்ந்தது. ஏன் என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால், யார் பெயரில் பதிவு, அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். அதற்கு லாகின் எதுவும் தேவையில்லை.

சிறிய அளவில் விற்கும் எல்லோருக்கும் இந்த எண் இருக்காது. வீட்டிலிருந்தே சேலையும் பண்ருட்டி முந்திரியும் விற்கும் பெண்கள் எத்தனையோ பேர் நாணயமாகத் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது பொருளை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், முதல் ஆர்டரைச் சின்னதாகப் போடுங்கள். உண்மையாக விற்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தீபாவளி நேரத்தில் வரும் 'சிவகாசி நேரடி விலை' பட்டாசு விளம்பரங்களுக்கு மட்டும் எந்தச் சோதனையும் தேவையில்லை, ஒதுக்கிவிடுங்கள். ஆன்லைன் தளங்கள் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது.

படி 2: பணம் கட்டும்போது

யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். 'ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. நீங்கள் வாங்கிய ஆப்புக்குள்ளேயே உதவிப் பகுதி இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று ஸ்க்ரீன் ஷேர் ஆப்பையோ (உங்கள் போன் திரையை அடுத்தவருக்குக் காட்டும் ஆப்), வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலையோ (ஆப்பைப் போனில் ஏற்றும் ஃபைல்) இறக்கினால், உங்கள் போன் அவர்கள் கைக்குப் போய்விடும்.

படி 3: பார்சல் வரும்போது

இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். புகார் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

பார்சலை மேஜைமேல் வைத்து, இன்னொருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதலில் லேபிள்: உங்கள் பெயர், ஆர்டர் எண், கூரியர் எண் மூன்றும் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். அப்புறம் வெட்டிப் பிரித்துப் பொருளை வெளியே எடுங்கள். செல்போன் போன்ற பொருளாக இருந்தால் அதன் சீரியல் எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நடுவில் வீடியோவை நிறுத்தக் கூடாது. இடையில் வெட்டு இருந்தால் 'பொருளை மாற்றிவிட்டீர்கள்' என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

யாருமே ஆர்டர் போடாத பார்சல் கேஷ் ஆன் டெலிவரியில் வந்து நிற்பதும் உண்டு. மகன் வேலைக்குப் போயிருப்பான், 'அவன்தான் போட்டிருப்பான்' என்று பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். எனக்கு இதுதான் மிகவும் வேதனையாக இருக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு பணம், என்றைக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அதில் இல்லாத பார்சலைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: பொருளில் குறையா, மோசடியா?

இதைப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் போக வேண்டிய இடம் வேறு வேறு.

பொருள் உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்திருக்கிறது, படத்தில் காட்டியது இது இல்லை, சொன்ன தேதியைத் தாண்டி வந்தது என்றால் அது குறை. 'நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்' என்று எழுதியிருந்தாலும், இப்படிப்பட்ட பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கிறது விதி. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கு அந்த உரிமை கிடையாது. அங்கே கடையின் ரிட்டர்ன் பாலிசி என்ன சொல்கிறதோ அதுதான்.

குறை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையே போலி, கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால் அது மோசடி. ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். யு.பி.ஐ. ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வெளியே எடுக்கப்படுவதற்குள் முடக்குவதுதான் 1930-ல் இருப்பவர்களின் வேலை. அதே கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். நீங்களே ஓ.டி.பி. கொடுத்திருந்தாலும், தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். அந்த நேரம்தான் ஏமாற்றியவனுக்கு லாபம்.

படி 5: நுகர்வோர் ஆணையம்

1915-லும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் கடலூர், புதுச்சேரிப் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். விற்பவர் சூரத்தில் இருந்தாலும் அவர்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கடலூரில் வீடு, தினமும் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர் என்றால் கடலூர், புதுச்சேரி இரண்டில் எது தோதோ அங்கே போடலாம்.

நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, பிரித்த வீடியோ, நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், 1915 புகார் எண் இவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். பொருளின் விலையோடு அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு என்று தொகையை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.