பத்துக்குப் பத்து அறைக்குத் தரை போடும்போது பலரும் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டுவது சாதாரணமாகிவிட்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிக்குச் சற்று மேல். அதில் சுற்றிலும் விடவேண்டிய இடம், வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படி எல்லாம் போக, படுக்கையறைக்குப் பத்துக்குப் பத்து மிஞ்சினால் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போய், "ரூம் சின்னது, கொஞ்சம் பெருசா தெரியணும்" என்று கேட்டால், எந்தக் கடையிலும் ஒரே பதில்தான்: "வெள்ளையா, பளபளன்னு, பெரிய சைஸா எடுங்க." தக்கலைப் பக்கம் வீடு கட்டியபோது நானும் இதைக் கேட்டு அப்படியே செய்தேன். மூன்று யோசனைகளில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது, அதுவும் பாதி.

அறை சின்னதாகத் தெரிவதற்கு நிறமோ பளபளப்போ முதல் காரணம் இல்லை. கோடுகள்தான் காரணம். வாசலில் நின்று பார்க்கும்போது தரையில் ஓடும் பார்வை எத்தனை இடத்தில் தடுக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். டைல்ஸ் இணைப்பு, ஓரத்தில் ஓடும் பார்டர், கதவுக்கடியில் கறுப்புக் கிரானைட் பட்டை, அடுத்த அறையில் வேறு நிறத் தரை, சுவரின் அடியில் பட்டையாக ஓடும் அடர் நிற ஸ்கர்ட்டிங். ஒவ்வொன்றும் ஒரு வேலி. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேலிகளை நாமே காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதுதான்.

வெள்ளை நிறத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பிடிவாதம் அதில்தான் அதிகம்.

பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு (அரண்மனைக்கு) நம்மில் பலரும் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்போம். இன்னொரு முறை போனால், மரவேலைப்பாட்டை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்று சொல்லப்படும் கன்னங்கறுத்த தரை. அங்கே பல அறைகள் சின்னவை, மரக்கூரையும் தாழ்வானது. கறுப்புத் தரை அறையைச் சுருக்கிவிடும் என்ற விதிப்படி அங்கே மூச்சு முட்ட வேண்டும். முட்டுவதில்லை. தரையில் ஒரு இணைப்புக்கோடு கிடையாது. சாளரத்தின் வெளிச்சம் அந்தக் கறுப்பில் மெதுவாக விழுந்து நீண்டு கிடக்கிறது. நம் பாட்டிமார் வீட்டுக் காவி போட்ட சிவப்புத் தரையும் அப்படித்தான். எட்டுக்கு எட்டு அறையில் ஆறு பேர் பாய் விரித்துப் படுத்தோம், நெருக்கடி என்று தோன்றியதில்லை. (அந்த வயதில் எதுவுமே நெருக்கடியாகத் தோன்றாது என்பது வேறு.)

அதற்காகக் கறுப்பு டைல்ஸ் போடச் சொல்லவில்லை. வெளிர் நிறம் நல்லதுதான், வெளிச்சத்தைத் திருப்பித் தரும். ஆனால் தூய வெள்ளைக்கு இந்த ஊரில் இரண்டு எதிரிகள். ஒன்று மழை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. இன்னொன்று செம்மண். திருவட்டார், மார்த்தாண்டம் பக்கம் வீட்டு வாசல் மண்ணே செக்கச்செவேலென்று இருக்கும். வெள்ளைத் தரையில் ஒவ்வொரு காலடியும் தனியாகத் தெரியும். தரை முழுக்கப் புள்ளியும் தடமுமாக இருந்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும். சந்தன வெள்ளை, மணல் நிறம், வெளிர் சாம்பல் இவை வெளிச்சத்தில் பெரிதாகக் குறைவதில்லை, அழுக்கையும் விளம்பரம் செய்வதில்லை.

பளபளப்பு விஷயத்தில் எனக்கு முழு ஏமாற்றம். கடையில் டைலைச் சாய்த்து நிறுத்தி மேலே விளக்கு அடித்திருப்பார்கள். கண்ணாடி போலத் தெரியும். வீட்டில் அது படுத்துக் கிடக்கும், வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வரும். என் அறை ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம். காலை பத்து மணிக்குத் தரையே வெளிர் பச்சை. ஜன்னலுக்கு நேரே ஒரு சதுரம் கண்ணைக் கூசும், மீதி இருட்டாகத் தெரியும். அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதில் ஜன்னலுக்கு மூன்றடியில் இருந்தால், மதிலின் நிறமும் தரைக்கு வந்துவிடும். பளபளப்பே இல்லாத மேட் டைலும் வேண்டாம், முழுப் பளபளப்பும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சாட்டின் என்றும் ஷுகர் என்றும் சொல்லி விற்கிறார்கள், சின்ன அறைக்கு அதுதான் சரி. நனைந்த காலோடு வயதானவர்கள் நடக்கும் வீட்டில் பளபளக்கும் டைலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் காலோடு வீட்டுக்குள் வரும் மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சிக் கரிமணலில் இல்மனைட், ஜிர்கான், கார்னெட் என்ற தாதுக்கள் எல்லாம் உண்டு. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அதை உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு பாலிஷ் பூச்சுள்ள டைல் மேல் தினமும் நடந்தால், இரண்டு வருடத்தில் நடைபாதை மட்டும் மங்கி ஒரு தடமாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், டைலுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் பூச்சில் சேர்ப்பதும் ஜிர்கான்தான்.

சரி, அளவுக்கு வருவோம்.

பெரிய டைல் நல்லது என்பது உண்மை, ஆனால் எவ்வளவு பெரியது வரை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறையில் ஒன்றுக்கொன்று, அதாவது ஓரடிக்கு ஓரடி டைல் போட்டால் நீளவாக்கில் ஒன்பது, குறுக்கே ஒன்பது என்று 18 கோடுகள். மொத்தம் 180 அடி. இரண்டுக்கிரண்டு போட்டால் எட்டுக் கோடு, 80 அடி. நாலுக்கிரண்டு போட்டால் ஆறு கோடு, 60 அடி. ஒன்றுக்கொன்றிலிருந்து இரண்டுக்கிரண்டுக்கு மாறும்போது 100 அடி குறைகிறது. அதற்கு மேல் நாலுக்கிரண்டுக்குப் போனால் குறைவது 20 அடிதான். ஆனால் விலை, கூலி, வெட்டும்போது உடையும் சேதம் எல்லாம் ஏறும். பத்துக்குப் பத்துக்கு இரண்டுக்கிரண்டே தாராளம். நாலுக்கிரண்டு ஹாலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டுக்கிரண்டு டைல் உண்மையில் இரண்டடி இல்லை. அது 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 609.6. பத்தடி அறை 3,048 மில்லிமீட்டர். ஐந்து டைலும் நடுவில் நான்கு 2 மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்ந்தால் 3,008. பாக்கி 40. அதாவது "கரெக்டா அஞ்சு டைல் உட்காரும்" என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போது, கடைசியில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கீற்று வந்து நிற்கும். என் வீட்டில் உள் சுவரிலிருந்து தொடங்கி வாசல் பக்கம் முடித்தார்கள். இன்றைக்கும் அந்த அறைக்குள் கால் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த ஒன்றரை அங்குல நாடாதான்.

இதற்கு வழி எளிது. வாசலில் முழு டைல் இருக்க வேண்டும், கீற்று பீரோவோ கட்டிலோ நிற்கப்போகும் சுவரோரம் போக வேண்டும். அப்படி மறைக்க இடமில்லாவிட்டால், ஒரு திசையில் மட்டும் நான்கு முழு டைலும் இருபக்கமும் அரை டைலைவிடச் சற்றுப் பெரிய துண்டுமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி கூடுதலாகச் செலவாகும். இரண்டுக்கிரண்டு பெட்டியில் பெரும்பாலும் நான்கு டைல், 15.5 சதுர அடி. அந்த அளவு செலவுக்குத் தாராளமாகச் செய்யலாம். பூச்சு முடிந்த சுவரிலிருந்து சுவருக்கு அளக்க வேண்டும், பிளானில் உள்ள அளவை நம்பக்கூடாது. கலவை போடுவதற்கு முன் ஒரு வரிசையைச் சும்மா அடுக்கிக் காட்டச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் மறுக்க மாட்டார், கொஞ்சம் முனகுவார்.

இணைப்புக் கோட்டின் நிறம்தான் இந்த முழு விஷயத்திலும் மலிவான, ஆனால் அதிகம் கோட்டைவிடும் இடம். வெள்ளை டைலுக்கு, இணைப்பை அடைக்கும் கலவையான க்ரௌட்டும் வெள்ளை என்று அடித்துவிட்டுப் போவார்கள். சாதாரண சிமென்ட் க்ரௌட் தண்ணீரை உறிஞ்சும். செம்மண் தண்ணீரில் நாலு முறை துடைத்ததும் கோடுகள் பழுப்பாகும், தரை கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகும். எட்டுக் கோடும் கூப்பிட்டுச் சொல்லும். டைலின் நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் அடர்ந்த க்ரௌட் எடுத்தால் கோடு கரைந்துவிடும். அடுக்களையில் எபாக்ஸி என்ற பிசின் வகை க்ரௌட் போடுவது நல்லது, மஞ்சளும் மீன்குழம்பும் அதில் எளிதில் ஏறாது.

சிலர் "கோடே வேண்டாம், ஒட்ட ஒட்டப் போடுங்க" என்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். அது ஆபத்து. சூட்டில் டைல் விரிவதற்கு மயிரிழை இடமாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் நடுவில் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். டைலுக்கு நடுவில் இடைவெளிக்காகச் செருகும் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தே போட வேண்டும்.

மரப்பலகை மாதிரி வரும் நீள டைல் இப்போது இங்கேயும் பரவிவிட்டது. அதில் இரண்டு தவறுகள். ஏழுக்குப் பன்னிரண்டு மாதிரிக் குறுகலான அறையில் நீளவாக்கில் போட்டால் ரயில் பெட்டிக்குள் நிற்பது போல ஆகிவிடும், குறுக்கே போட்டால் அறை கொஞ்சம் அகலும். எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டாவது, செங்கல் அடுக்குவது போலச் சரிபாதி தள்ளிப் போடுவது. நீள டைலின் நடுப்பகுதி லேசாக வளைந்திருக்கும். ஒன்றின் நடுவும் அடுத்ததன் முனையும் பக்கத்தில் வந்தால் விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். மாலை வெளிச்சத்தில் ஒவ்வொரு விளிம்பும் ஒரு நிழல்கோடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் போட்டால் இது குறையும்.

பார்டர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மொசைக் காலத்தில் சுற்றிலும் கறுப்புப் பட்டை போட்ட பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அறைக்குள் இன்னொரு அறையை வரைவது அது. நடுவில் பூக்கோல டைல் பதிப்பதும் அதே கதைதான்.

அதைவிடப் பெரிய தவறு அறைக்கு ஒரு டைல் எடுப்பது. ஹாலுக்கு மார்பிள் டிசைன், படுக்கையறைக்கு மரம், அடுக்களைக்குச் சாம்பல். மூன்று சென்ட் வீட்டில் ஹாலில் நின்றால் மூன்று கதவும் தெரியும், ஒவ்வொரு கதவிலும் தரை நின்றுவிடும். ஒரே டைலை ஹாலிலிருந்து படுக்கையறைக்குள் நிறுத்தாமல் ஓடவிட்டால், ஹாலும் பெரிதாகும், அறையும் பெரிதாகும். உள்கதவுகளுக்கு இப்போது கீழ்ப்படி இல்லாத நிலைச்சட்டம்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள், அதனால் இது சுலபம். அந்தக் கறுப்புக் கிரானைட் பட்டை அங்கே எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. குளியலறை வாசலில் தரை இறங்குவதால் பட்டை தேவை, அதையும் தரை நிறத்திலேயே எடுக்கலாம். ஸ்கர்ட்டிங்கையும் அதே டைலில் மூன்று அங்குல உயரத்துக்கு, சுவர்ப் பூச்சோடு சமமாகப் பதித்துவிட்டால் தூசியும் தங்காது, சுற்றுக்கோடும் தெரியாது.

வீடு முழுக்க ஒரே டைல் என்றால் மொத்தமாக ஒரே தடவையில் வாங்க வேண்டும். நான் ஆறு டைல் குறைவாக வாங்கிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே கடையில், அதே பெயரில், அதே எண்ணில் வாங்கினேன். லாட், அதாவது தயாரித்த தொகுதி, வேறு. ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் ஆறு டைல் மட்டும் ஒரு பொட்டு மஞ்சள். பெட்டி மேல் லாட் எண்ணும் ஷேடும் அச்சடித்திருக்கும், எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று இறக்கும்போதே பார்க்க வேண்டும். நேராகப் போடுவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் போதும்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய தரைக்கு மேலேயே மணலும் சிமென்டும் விரித்து டைல் பதித்தால் இரண்டு அங்குலம் ஏறிவிடும். தாழ்ந்த மச்சுள்ள ஓட்டு வீட்டில் அந்த இரண்டு அங்குலம் தலையில் இடிக்கும், கதவையும் அறுக்க வேண்டியிருக்கும். பழைய தரை கெட்டியாகவும் மட்டமாகவும் இருந்தால் டைல்ஸ் பசையில் நேரடியாக ஒட்டலாம். அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் ஏறும். பழைய தரையைத் தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்களை மட்டும் முதலில் பெயர்த்துவிட வேண்டும்.

ஏற்கெனவே தரை போட்டு முடித்துவிட்டு இதைப் படிப்பவர்கள் எதையும் உடைக்க வேண்டாம். அழுக்கேறிய க்ரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு டைல் நிறத்தில் புதிதாக அடைக்கலாம். ஒரு அறைக்கு ஒரு நாள் வேலை, கையிலேயே பிளேடு வைத்துச் சுரண்டலாம், முட்டி வலிக்கும். என் வீட்டில் போன மாதம் அப்படித்தான் செய்தேன். வாசலோரக் கீற்றுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. இப்போதைக்கு அதன் மேல் ஒரு கால்மிதி கிடக்கிறது, தரை நிறத்தில்.