ஈஸ்ட் செல்லைப் படிகமில்லாமல் உறைய வைக்க

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்க ஈஸ்ட் செல்லை உறைய வைக்கும்போது, சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் முதல் எதிரி ஈரக்காற்றுதான். மழை விட்ட கையோடு தொடங்காதீர்கள். திறந்திருக்கும் திரவ நைட்ரஜனில் வெண்பனி சேரும். அது கிரிட்டில் (செல்லைத் தாங்கும் சிறு வலைத்தட்டில்) ஒட்டினால் படமெல்லாம் கரும்புள்ளி. ஏர்கோனை முன்பே ஓடவிடுங்கள், ஆனால் காற்று வெளியேற வழி இருக்கட்டும்: நைட்ரஜன் ஆவி மூச்சை அடைத்துவிடும்.

கிரிட்டில் 4 மைக்ரோலிட்டர் செல் கரைசல். பின்புறமாக வடிதாளால் 5–10 விநாடி ஒற்றி, சட்டென்று, நைட்ரஜனால் குளிர்வித்த திரவ ஈத்தேனில் முக்குங்கள். நைட்ரஜனில் நேரே முக்கினால் அது கொதித்து ஆவித்திரை போடும், குளிர் தாமதமாகும், பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். ஈத்தேன் கிண்ண ஓரத்தில் வெள்ளையாக உறையத் தொடங்குவதே பதம். பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது.

பிறகு கிரிட்டின் வெப்பநிலையை −140 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறவிடாதீர்கள். பலர் கோட்டைவிடுவது இடுக்கியில்: நுனியைக் குளிர்விக்காமல் தொட்டால் அத்தனை பாடும் வீண். ஈஸ்ட் தடிமன் என்பதால், அயனிக் கற்றையால் 200 நானோமீட்டருக்குச் சீவிய பின்பே எலெக்ட்ரான் ஊடுருவும்.