கிரீன் ஓரத்தில் சாண்ட் வெட்ஜ் வேண்டாம்

கோல்ஃபில் பந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்புக்கு, சற்று வெளியே கிடக்கிறது, குழி தள்ளி இருக்கிறது என்றால், பந்தை உயரத் தூக்கும் சாண்ட் வெட்ஜ் மட்டையை விட்டுவிட்டு 8 அல்லது 7 எண் அயர்ன் மட்டையை எடுங்கள். பிடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) வீசுவது போலவே சிறிதாக வீசுங்கள். பந்து கிரீனுக்குள் ஒரு கஜ தூரத்தில் விழுந்தால் போதும். மீதியை உருண்டே கடந்துவிடும்.

அயர்ன் மட்டை முகத்தின் சாய்வு குறைவு என்பதால் பந்து தாழப் பறந்து அதிகம் உருளும். வீச்சும் சின்னது, அடி கொஞ்சம் பிசகினாலும் பெரிய சேதம் இல்லை. சாண்ட் வெட்ஜில் அதே பிசகு பந்தைக் கிரீனின் மறுபக்கத்துக்கே விரட்டிவிடும். தோராயக் கணக்கு ஒன்று: சமமான கிரீனில் பந்து பறக்கும் தூரம் 1 பங்கு என்றால், பிட்சிங் வெட்ஜில் (சாண்ட் வெட்ஜைவிடச் சாய்வு குறைந்த மட்டை) 2 பங்கும் 8 அயர்னில் 4 பங்கும் உருளும். மேட்டை நோக்கி அடித்தால் உருளல் குறையும், சரிவில் கூடும். கிரீனின் வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் மணற்குழி இருந்தாலோ, குழி கிரீனின் இந்த விளிம்பை ஒட்டியே இருந்தாலோ இது உதவாது. பந்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அடர்ந்த புல்லில் புதைந்த பந்துக்கும் வெட்ஜ்தான். புல் ஒட்ட வெட்டியிருந்து, வழியும் சீராக இருந்தால் அயர்ன்கூட எதற்கு? பட்டரே போதும்.