வாக்குத்தத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசிப்பது எப்படி

டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில், தட்டில் வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை ஜெபத்தோடு எடுத்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் உண்டு. நாட்காட்டித் தாளிலும், காலையில் கைப்பேசிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியிலும் அப்படியே ஒரு வசனம் நம்மை வந்தடைகிறது. இந்த வழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வேதத்தைத் திறக்கவே நேரமில்லாத எத்தனையோ பேரை அது தேவனுடைய வார்த்தையின் முன் நிறுத்தியிருக்கிறது. ஆனால் அட்டையில் அச்சான ஒற்றை வரியை மட்டுமே பற்றிக்கொண்டு ஓராண்டு முழுவதும் நடப்பது கடினம். மருத்துவ அறிக்கை அஞ்சியபடியே வரும்போதும், நேர்காணலுக்குப் பின் நேர்காணலாக வேலை கைநழுவிப் போகும்போதும் அந்த வரி நம்மைத் தாங்க வேண்டுமானால், அது யாரால், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவரின் குணத்தை அறிந்த அளவுக்கே அவருடைய வாக்கில் நாம் சாய்ந்திருக்க முடியும். அந்தக் குணம் வேதாகமத்தில் பெரும்பாலும் நீண்ட வரலாறுகளின் வழியாகவே வெளிப்படுகிறது.

பொதுவாகப் பேசுவதைவிட, அட்டைகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வசனத்தையே எடுத்துக்கொண்டு வாசிக்கும் முறையைக் காட்டுவது நல்லது. எரேமியா 29:11 இப்படிச் சொல்கிறது: “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

முதலில் அதிகாரத்தை வாசியுங்கள்

இந்த வசனத்தைத் தியானிப்பதற்கு முன், எரேமியா 27 முதல் 29 வரையுள்ள மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில், வாய்விட்டு வாசியுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாண்டிச் செல்லும் வரிகளைக் காது பிடித்துவிடும். வாசிக்கும்போது யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கேட்பவர்கள் என்ன நிலையில் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படி வாசித்தால், 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம் என்பது தெரியவரும். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் ராஜா எருசலேமிலிருந்து எகோனியா ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு, அங்கே வாடிக்கொண்டிருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்த எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது அது. அந்தக் கடிதத்தின் முதல் கட்டளை ஆறுதலாகத் தோன்றாது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். பத்தாம் வசனத்தில் காலக்கெடு வருகிறது; பாபிலோனில் 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்பே கர்த்தர் அவர்களைச் சந்திப்பார். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டையில் இருக்கும் பதினோராம் வசனம். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஆயுளில் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அவர்களிடம்தான் கர்த்தர், “அவைகள் தீமைக்கல்ல” என்றார். இந்தச் சூழலை அறிந்தபின் அந்த வசனம் எனக்குச் சிறுத்துப்போகவில்லை, பெரிதானது. ஏனெனில் எழுபது ஆண்டுக் காத்திருப்புக்குள்ளும் தேவனுடைய நல்ல நினைவுகள் நிலைத்திருக்கின்றன என்று அது சொல்கிறது.

முந்தைய 28-ஆம் அதிகாரத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். அனனியா என்பவன் தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் எழுந்து, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதெல்லாம் இரண்டே ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய நாமத்தினாலேயே அறிவிக்கிறான். எரேமியாவோ உடனே சண்டைக்கு நிற்கவில்லை. “ஆமென்” என்றும், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றும் சொல்லிவிட்டு, சமாதானம் கூறும் தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினாரென்று விளங்கும் என்கிறார். அனனியா அதே ஆண்டில் இறந்துபோனான். இரண்டு ஆண்டுகளில் எதுவும் திரும்பி வரவில்லை. நம் காதுக்கு இனிய இரண்டு ஆண்டுச் செய்தியையும் கர்த்தர் உண்மையாகவே சொன்ன எழுபது ஆண்டுச் செய்தியையும் பிரித்தறியும் பழக்கம், அதிகாரங்களை முழுமையாக வாசிப்பவர்களுக்கே வாய்க்கும். இந்நாட்களில் இதைவிட அவசியமான பழக்கம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இது எனக்கும் உரியதா?

எரேமியாவின் கடிதம் பாபிலோனில் இருந்த யூதருக்கு எழுதப்பட்டது என்றால், அதை இன்று வாசிக்கும் நாம் எந்த உரிமையில் பற்றிக்கொள்வது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வாக்குத்தத்தத்திடமும் கேட்டுப் பழகுங்கள். நோவாவின் பலிக்குப் பின், பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும் ஒழிவதில்லை என்று கர்த்தர் சொன்னது (ஆதியாகமம் 8:22) உலகம் முழுவதற்கும் உரியது. சாராளுக்கு ஒரு குமாரன் பிறப்பான் என்பது சாராளுக்கு உரியது. பாவங்களை அறிக்கையிட்டால் அவற்றை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்பது (1 யோவான் 1:9) அறிக்கையிடும் எவருக்கும் உரியது. அங்கே ஒரு நிபந்தனை இருப்பதையும் கவனியுங்கள்.

ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் நீள்கிறதா என்பதை வேதாகமமே காட்டித்தரும் இடங்கள் உண்டு. யோர்தானைக் கடக்கும் முன் யோசுவாவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையை எபிரெயர் நிருப ஆசிரியர் எடுத்து, “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்று பண ஆசையோடு போராடும் விசுவாசிகளுக்கு எழுதுகிறார் (எபிரெயர் 13:5). யுத்த வெற்றியின் விவரங்கள் அங்கே கடத்தப்படவில்லை. கைவிடாத தேவனின் உடனிருப்பு கடத்தப்படுகிறது. எரேமியாவின் கடிதத்தையும் இந்த வழியிலேயே வாசிக்கலாம்: 70 ஆண்டு என்ற எண்ணும் எருசலேமுக்குத் திரும்புதலும் அவர்களுக்கு உரியவை, தம்முடைய ஜனத்தின்மேல் நல்ல நினைவுகளோடு இருக்கும் தேவன் நமக்கும் அதே தேவன். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசு கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்று பவுல் எழுதியது (2 கொரிந்தியர் 1:20) இந்த நம்பிக்கைக்கு அடித்தளம். ஒத்துவாக்கிய வேதாகமம் கையில் இருந்தால், ஒரு வசனம் வேதத்தின் பிற்பகுதிகளில் எங்கே எடுத்தாளப்படுகிறது என்பதை அதன் குறிப்புகளைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

சூழலிலிருந்து பிடுங்கிய வாக்குத்தத்தம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு மத்தேயு 4-ஆம் அதிகாரமே சாட்சி. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்திய பிசாசு, தேவதூதர் தாங்குவார்கள் என்னும் 91-ஆம் சங்கீதத்தின் வரிகளைச் சொல்லித்தான் அவரைக் கீழே குதிக்கச் சொன்னான். வசனம் உண்மையானது, அதைப் பயன்படுத்திய விதம் பொய். இயேசு உபாகமத்திலிருந்து, “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்று பதிலளித்தார். ஒரு வசனத்தை மற்றொரு வசனத்தின் துணையோடு புரிந்துகொள்ளும் முறையை அவரிடமே கற்றுக்கொள்கிறோம். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுக் குணமாகும் வாக்குத்தத்தத்தை மட்டும் நம்பு என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த வசனத்தைக் காட்டினாலும் அதற்கு இணங்க வேண்டாம்.

நம்புவது என்றால் என்ன செய்வது?

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை அடுத்த நாள் வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கும் தன் உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கும்படி கர்த்தர் சொல்கிறார். எதிரியின் கைக்குப் போகவிருக்கும் நிலத்துக்கு எரேமியா வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தில் முத்திரை போட்டு, அது நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தரான பாருக்கிடம் ஒப்படைக்கிறார். இத்தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற வாக்கை அவர் நம்பினார் என்பதற்கு அந்தப் பத்திரமே அடையாளம். அதன்பின் ஜெபத்தில் அவர், நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று தன் குழப்பத்தை மறைக்காமல் சொல்கிறார். கீழ்ப்படிந்த பின்னும் குழப்பம் இருக்கலாம். அதைத் தேவனிடமே கொண்டுபோகலாம். கர்த்தரும் கோபிக்காமல், “என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?” என்று கேட்கிறார்.

ஆகவே ஒரு வாக்குத்தத்தத்தை வாசித்து முடித்ததும், இதை நான் உண்மையென்று நம்பினால் இந்த வாரத்தில் எந்தக் காரியத்தை வேறு விதமாகச் செய்வேன் என்று எழுதுங்கள். மன்னிப்பின் வாக்கை வாசித்தவர் நெடுநாள் பேசாதிருக்கும் சகோதரனை அழைத்துப் பேசலாம். கைவிடாத தேவனைப் பற்றி வாசித்தவர், கடன் பயத்தினால் நிறுத்திவைத்திருக்கும் சிறு உதவியை மீண்டும் தொடங்கலாம். செயல் சிறியதாகவும் நாள் குறித்ததாகவும் இருக்கட்டும்.

ஜெபிக்கும் முறைக்கு தானியேல் 9-ஆம் அதிகாரத்தைவிடச் சிறந்த மாதிரி எனக்குத் தெரியாது. சிறுவயதில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், தரியு ராஜாவின் முதலாம் ஆண்டில், முதிர்ந்த வயதில், எரேமியாவின் எழுத்துகளை வாசித்து 70 ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்கிறார். காலம் முடியப்போகிறது என்று அறிந்ததும் அவர் சும்மா காத்திருக்கவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு மன்றாடுகிறார். வாக்குத்தத்தம் அவருடைய ஜெபத்தை நிறுத்திவிடாமல் தொடங்கிவைத்தது. வாசித்த வசனத்தின் சொற்களையே எடுத்து, “நீர் இப்படிச் சொல்லியிருக்கிறீர்” என்று அவரிடம் திருப்பிச் சொல்லி ஜெபியுங்கள். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளையும் இப்படி ஜெபிக்கப் பழக்கலாம்.

நிறைவேறியதையும் நிறைவேறாததையும் வாசிப்பது

எஸ்றாவின் முதல் வசனம், எரேமியாவின் வாயினாலே கர்த்தர் சொன்ன வார்த்தை நிறைவேறும்படி பெர்சியாவின் ராஜாவாகிய கோரேசின் ஆவி ஏவப்பட்டது என்று தொடங்குகிறது. பாபிலோன் கி.மு. 539-இல் வீழ்ந்தது, யூதர் திரும்பிப்போக அனுமதி வந்தது. ஆனால் 3-ஆம் அதிகாரத்தின் இறுதிவரை வாசியுங்கள். ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் மகா சத்தமிட்டு அழுதார்கள். மற்றவர்கள் சந்தோஷத்தால் ஆர்ப்பரித்தார்கள். இரண்டு சத்தத்தையும் பகுத்தறியக் கூடாதிருந்தது. பின்பு எதிர்ப்பினால் வேலையும் பல ஆண்டுகள் நின்றுபோனது. நாம் கற்பனைசெய்த உருவில் வராத நிறைவேறுதலும் நிறைவேறுதலே என்பதை அறிய இந்த அதிகாரம் உதவும்.

நம் கண்முன் நிறைவேறாதவையும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசாமல் விடுவது உண்மையாகாது. எபிரெயர் 11-ஆம் அதிகாரம், விசுவாசத்தோடே மரித்தவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல் தூரத்திலே அவற்றைக் கண்டார்கள் என்கிறது. தானியேலும் தாய்நாடு திரும்பியதாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. இவர்களில் எவரையும் விசுவாசம் குறைந்தவர் என்று வேதம் சொல்லவில்லை. ஆகவே நோயுற்றோரிடமோ, பிள்ளையை இழந்த பெற்றோரிடமோ, உங்கள் விசுவாசம் போதவில்லை என்ற வார்த்தை நம் வாயிலிருந்து ஒருபோதும் வரக்கூடாது. அப்படிப்பட்ட நாட்களில், “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று கேட்கும் 13-ஆம் சங்கீதத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்தக் கேள்வியும் வேதாகமத்துக்குள் எழுதப்பட்ட ஜெபமே.

தொடங்க விரும்புகிறவர்கள் ஒரு வாரத்தை இப்படி ஒதுக்கலாம். முதல் இரண்டு நாட்கள் எரேமியா 27 முதல் 29 வரை. ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தால் நல்லது. மூன்றாம் நாள் 32-ஆம் அதிகாரம். அடுத்த நாள் தானியேல் 9. அதற்குப் பின் எஸ்றா 1, 3 அதிகாரங்கள். ஆறாம் நாளில் எபிரெயர் 11; ஏழாம் நாளில் புதிதாக எதையும் வாசிக்காமல், நோட்டில் எழுதியவற்றைப் படித்து, ஒரே ஒரு வசனத்தை அதன் முன்பின் வரிகளோடு மனப்பாடம் செய்யுங்கள். முடிந்தால் சபையிலிருக்கும் ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள், குறிப்பாக நெடுங்காலம் விசுவாசத்தில் நடந்த முதியவர் ஒருவரோடு; தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு எப்படி, எவ்வளவு தாமதமாக நிறைவேறியது என்பதை அவர்கள் சொல்லக் கேட்பது பெரும் பயன் தரும். அடுத்த வாரத்தில் ஆதியாகமம் 12-ஐத் திறந்து, 75 வயதில் அழைக்கப்பட்ட ஆபிரகாம் 100 வயதில் ஈசாக்கைப் பெறும் 21-ஆம் அதிகாரம் வரை அதே கேள்விகளோடு வாசிக்கத் தொடங்குங்கள். ஆகார் வரும் 16-ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானமாகவே வாசியுங்கள். காத்திருக்க முடியாமல் மனிதர் தாங்களாகவே வாக்கை நிறைவேற்ற முயலும்போது யார் துன்பப்படுகிறார்கள் என்பதும், துன்பப்பட்ட அந்தப் பெண்ணை வனாந்தரத்து நீரூற்றண்டையில் யார் தேடி வந்தார் என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.